மரக்கட்டையில் ஐடா

தாளின் முனையைப் பிடித்து மெல்ல உரித்தேன். கட்டையிலிருந்து என் மகள் ஐடாவின் முகம் எழுந்து வந்தது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நடந்த மரச்செதுக்கு வகுப்பில் அதுவரை ஒரே கூச்சல். என்னோடு சுரங்கத்தில் இறங்கும் மரியகுழந்தை, எங்கள் மேஸ்திரியின் முகத்தைச் செதுக்கியிருந்தான். மூக்கு மட்டும்தான் அச்சில் விழுந்திருந்தது.

"மேஸ்திரி மூக்கை மட்டும் வேலைக்கு அனுப்பிக்கிறாருடா!" என்று யாரோ கத்தினான்.

சுவரெங்கும் கயிறு கட்டி மாணிக்கராஜின் படங்கள் தொங்கின. சந்தை, கோழி, மழையில் நிற்கும் மாடு. எல்லாம் அவரே மரத்தில் வெட்டி அச்செடுத்தவை. மதராஸிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஓவியர். வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, அவ்வளவுதான் தொழில் என்று காலையில் சொல்லிக்கொடுத்தார்.

இருட்டைக் குடைந்தே பிழைக்கிற எனக்கு அது உடனே பிடிபட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்ததற்கு வருத்தமில்லை.

அவர் வந்து என் தாளைப் பார்த்தார். ஒட்டிய இமைகள். லேசாகத் திறந்த வாய். ஒரு பக்கம் சாய்ந்த தலை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "கொழந்தை எப்போ தவறிச்சு?"

சுற்றியிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

மரியகுழந்தைதான் பதறினான். "அய்யோ, உயிரோட கீதுங்க! காலைலகூட தண்ணித் தொட்டியாண்ட ஓடிக்கினு இருந்திச்சி."

அவன் பார்த்திருக்கிறான்.

மாணிக்கராஜ் மன்னிப்புக் கேட்டார். கண்ணைத் திறந்தபடி போடலாமே என்றார். உளியை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ராத்திரி நான் எழுந்து ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவள் தூங்குவாள். மெழுகுவர்த்தியைக் கிட்டே பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போவேன். திரும்பும்போதும் தூங்குவாள். பகலில் நான் தூங்க வேண்டும். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் நைட் ஷிஃப்ட்காரன் வீட்டுப் பிள்ளைகளை அக்கம்பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

அந்தக் கண்களைப் பார்த்திருப்பேன். நினைவில் இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

அவர் புத்தி எதுவும் சொல்லவில்லை. வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது என்று மட்டும் சொன்னார். இழைத்த புதுக் கட்டை ஒன்றையும் தன் சின்ன உளியையும் என் கையில் வைத்தார். உளியை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டேன். காதில் விழாதவர்போல, கயிற்றிலிருந்து படங்களைக் கழற்றத் தொடங்கினார்.

அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி சங்கு ஊதினாலும் ஷிஃப்டுக்குப் போவதில்லை என்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். சொன்னபடியே போகவில்லை. அதற்குப் பிறகு நைட் ஷிஃப்டுக்கே போகவில்லை. மனைவி ஞானசுந்தரி திட்டியதை எழுதினால் அச்சில் ஏறாது.

வாசலில் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஐடாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னேன். கட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் அசையாமல் உட்கார்ந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணை மூடிக்கணுமா, நைனா?" என்று கேட்டாள்.