பிள்ளைகளின் பெயர்

"மூத்த மகன், ஆர்லிஸ்," என்று வெர்லீன் மூன்றாவது முறையாகப் படித்தாள். "பிள்ளைங்க பேர் கேட்டிருக்கிற இடத்துல, முதல் வரியிலேயே உங்க பேர்தான்ப்பா."

முதியோர் இல்லத்து அறையில், சக்கர நாற்காலியில் ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயது தொண்ணூற்றாறு. பார்வை போய் நான்கு வருடமாகிறது.

"இன்னொரு தடவை படி. டீச்சர் வேலை பார்த்தவதானே, சத்தமாப் படி. கோடி ரூம் கிழவனுக்கும் கேக்கட்டும். அவன் அப்பன் புராணத்தைத்தான் தினமும் கேக்குறேன்."

அவருடைய அப்பா எஸ்ரா 1926இல் மிசிசிப்பியிலிருந்து ரயிலேறியவர். சிகாகோவில் வேலை கிடைத்ததும் மனைவியையும் ஒன்பது வயது மகனையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கூப்பிடவில்லை. பின்னால் ஆர்லிஸே சிகாகோ வந்து, கிடைத்த எழுத்து வேலைகளைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டார்.

போன வருடம்தான் திடீரென்று மகளிடம் கேட்டார். "அவரு ரயில்வே பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்த தாளைத் தேடு. அதுல என் பேர் இருக்கான்னு தெரிஞ்சா நிம்மதியாப் போயிடுவேன்."

ஜனத்தொகைக் கணக்கிலிருந்து தொடங்கலாம் என்றாள் வெர்லீன்.

"அது வேணாம். பென்ஷன் தாள் போதும்."

அவள் இரண்டையும் தேடினாள். 1940ஆம் வருடக் கணக்கில் எஸ்ரா, மனைவி கோரா, நான்கு பிள்ளைகள். எட்டு வருடம் கழித்துக் கொடுத்த பென்ஷன் தாளிலும் அதே நான்கு பெயர்கள். அதன் கீழே ஒரு வரி: முதல் மனைவியும் மகனும் வெள்ளத்தில் இறந்துவிட்டனர்.

அந்தத் தாள்தான் இப்போது அவள் மடியில் இருந்தது.

ஆர்லிஸ் ஈரக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். தட்டைத் தடவி, ஆறிப்போன சோள ரொட்டியை எடுத்துக் கடித்தார். ஒரு வாரமாக அவர் எதையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை.

"இன்னிக்குத்தான் இந்தச் சமையல்காரி உப்புன்னு ஒண்ணு இருக்கிறதைக் கண்டுபிடிச்சிருக்கா."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு வெர்லீனுக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

"நாற்பதாம் வருஷக் கணக்கையும் பார்த்தேன்ப்பா. பொண்டாட்டி கிடையாது, வேற பிள்ளை கிடையாது. ஒத்த ஆளாத்தான் இருந்திருக்கார். உங்களையே நெனச்சுக்கிட்டு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"ஒத்த ஆளாவா?"

"ஆமாப்பா."

ரொட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு மகள் பக்கமாகக் கையை நீட்டினார்.

"பென்ஷன் தாளுல நெஜமா என்ன இருக்கு, படி."

"அதான் படிச்சேனேப்பா..."

"அவரு வீட்டுப் படியேறிப் போய் நாற்பதாம் வருஷக் கணக்கை எழுதினவன் நான்தான், கண்ணு."