மூக்குடைந்த பட்டம்

பட்டத்து நூலின் பிடிகளைக் கையில் வாங்கிய விதத்திலேயே கணக்கு டீச்சருக்குத் தெரிந்துவிட்டது, பையன் புளுகியிருக்கிறான்.

கார் ஓட்டுபவன்போல இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான். இரட்டை நூல் பட்டம் விட்ட எவனும் அப்படி நிற்க மாட்டான். இடது நூலை இழுத்தால் பட்டம் இடதுபக்கம் போகும், வலதை இழுத்தால் வலதுபக்கம், சமமாகப் பிடித்தால் நேர் மேலே. அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதானைப் பழகுவதற்குள் டீச்சருக்கே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தபோது என்ன அளப்பு அளந்தான்! காலேஜில் நாலு நூல் பட்டமே விட்டிருக்கிறானாம்.

மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சருக்கும் அந்த ஒரு பேச்சிலேயே பாதி மனசு இளகிவிட்டது. மீதியை ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வரச் சொல்லியிருந்தார்.

"உனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று கணவர் கழன்றுகொண்டார். சாயங்காலம் பையனின் வீட்டுக்குப் போன் போட்டு, சம்மதமா இல்லையா என்று டீச்சர்தான் சொல்லியாக வேண்டும்.

அவருக்குப் பொய் மட்டும் ஆகாது. நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்பவனின் முகத்தைப் பார்த்தே, பைக்குள் நோட்டு இருக்கிறதா, அதில் பாதிக் கணக்காவது போட்டிருக்கிறானா என்றெல்லாம் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு எக்ஸ்ரே என்றே பெயர்.

"விடுங்க தம்பி. நாலு நூல் விட்டவருக்கு ரெண்டு நூல் எம்மாத்திரம்" என்றார்.

மைதானத்தின் அந்தக் கோடியில் மகள் பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆரஞ்சும் கறுப்புமாக, இரண்டு கையை விரித்த அகலம். பின்னறையில் தையல் மெஷினோடு டீச்சர் மூன்று மாதம் மல்லுக்கட்டியிருந்தார். அந்த மூன்று மாதமும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மாலையில்தான் கிடைத்தது. "எங்கம்மா கையால தச்சது" என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வாள் மகள்.

பட்டம் ஜிவ்வென்று ஏறியது. வலப்பக்கம் சாய்ந்தது. பையன் பதறிப்போய் வலது கையையே இழுத்தான். பட்டம் ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கு கீழே பார்க்கத் திரும்பியது.

தெரிந்தவனாக இருந்தால் இந்த இடத்தில் முன்னால் ஓடுவான், நூல் தளர்ந்து வேகம் குறையும். இவன் பின்னால் ஓடினான்.

சடாரென்று ஒரு சத்தம் கேட்டது.

மூவரும் ஓடினார்கள். மூக்கு மண்ணில் குத்தி, இறக்கைக் குச்சி முறிந்து கிடந்தது.

"பொய் சொல்லிட்டேன் ஆன்ட்டி" என்றான் பையன். முகம் வெளிறிப்போயிருந்தது. "நாலு நூலும் இல்ல, ஒரு நூலும் இல்ல. உங்களுக்கு என்னைப் பிடிக்கணும்னுதான்..."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஒரு சின்ன விஷயத்துக்கே இப்படிப் புளுகுகிறவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? சம்மதம் இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அவன் மண்டிபோட்டுவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர் அவன், கழற்றி மாட்டுவதென்றால் கை தானாகப் போகும். மைதான ஓரத்தில் வைத்திருந்த பையிலிருந்து மகள் மாற்றுக் குச்சியையும் கறுப்பு டேப்பையும் எடுத்துவர ஓடினாள்.

"வேண்டாம், விடுங்க தம்பி. வீட்டுல போய் நான் பாத்துக்கறேன்."

டீச்சர் பட்டத்தைப் பிடுங்கக் கையை நீட்டினார். கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்த பையன் இன்னும் அவசரமாக மூக்குத் துணியைப் பிரித்தான். உள்ளே விரலை விட்டுத் துணியைப் புரட்டினான்.

அப்புறம் அசையவில்லை.

துணியின் உட்புறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை லேபிள். கம்பெனி பெயர், மாடல் நம்பர், எல்லாம் அச்சில்.

வெளியே இருந்த லேபிளை டீச்சர் என்றைக்கோ பிளேடு வைத்துப் பிரித்துவிட்டார். உள்ளே இருந்தது தையலோடு சேர்ந்தது, எடுக்க முடியவில்லை. உண்மையில் அவர் தைத்த பட்டம் பீரோவுக்குப் பின்னால் போர்வை சுற்றிக் கிடக்கிறது. ஒரு இறக்கை மற்றதைவிட நாலு விரற்கடை குட்டை. ஆள் உயரம்கூட அது எழும்பவில்லை. கணக்கு டீச்சர் அளவில் கோட்டை விட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதே நிறத்தில் கடையில் ஒன்றை வாங்கிவிட்டார்.

பையன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். டீச்சர் மைதானத்தைப் பார்த்தார். காது இரண்டும் சுட்டன.

மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். அவன் குச்சியைச் செருகினான், மூக்கை மடித்தான், அதன்மேல் டேப்பைச் சுற்றினான். வேண்டியதற்கு மேல் இரண்டு சுற்று.

"அம்மா தையல் எப்படி?" என்றாள் மகள்.

"கடையில வாங்கினா இப்படிக் கிடைக்காது" என்றான், முகம் துளியும் மாறாமல்.

இவ்வளவு சுத்தமான பொய்யை டீச்சர் தம் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

பிடிகளைப் பொறுக்கி எடுத்து மண்ணைத் தட்டினார். மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்தார்.

"கையைத் தாழ்த்திப் பிடிங்க, மாப்பிள்ளை."