பெருத்துக்கொண்டே போன குருவி

மருமகள் வரைந்த முதல் குருவிப் படத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் கம்பியை வரைஞ்சுட்டு குருவிங்கிறியே, யாரை ஏமாத்துற?" என்று கேட்டேன்.

அடுத்த படத்தில் ஏதோ புள்ளி தெரிந்தது. "இது குருவியா, கொசுவா?"

படத்துக்குப் படம் குருவி பெருத்தது. கடைசிப் படத்தில் கோழி அளவுக்கு வந்துவிட்டது. "ஒருவழியா வரையக் கத்துக்கிட்ட!" என்றேன்.

அந்தப் படங்களை வைத்த கண்காட்சிக்கு வந்த ஒருத்தர் அவளிடம் கேட்டார்: "ஏம்மா, குருவி பெருசாகிட்டே போகுது?"

பின்னால் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததால் அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாமாவுக்குக் கண்ணு மங்கிடுச்சுங்க. வெளியே சொல்லமாட்டார், டாக்டரையும் நம்பமாட்டார். அவருக்குத் தெரியுற வரைக்கும் பெருசாக்கிட்டே போனேன்."

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள் போலிருக்கிறது. அந்த முகம் எனக்குத் தெரியாததே நல்லதாகப் போயிற்று.