தேய்மானம்

"திரும்பவும் வைங்க. லேசா அழுத்துங்க."

கைரேகை எடுக்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாலுமி கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு.

"பதியலை."

"பதியலைன்னா என்ன அர்த்தம்?"

கேட்டது மாலுமி இல்லை. பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி. இப்போது எழுந்து கண்ணாடித் தடுப்பின் முன்னால் வந்து நின்றாள்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. கிரீம் தடவிட்டு வாங்கன்னீங்க. தடவியாச்சு. இன்னும் என்ன, விரலுக்குத் தாலாட்டுப் பாடணுமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ரேகை பதியாம மாலுமி அட்டை தர முடியாதும்மா. அட்டை இல்லாம துறைமுக கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க. பாதுகாப்பு விதி."

"நல்ல விதி. வருஷக் கணக்கா அதே கேட்டு வழியாத்தான் போயிட்டு வர்றார். வாட்ச்மேன் இவர் முகத்தைப் பார்த்தாலே சல்யூட் அடிக்கிறான். இப்ப விரலைக் காட்டினாத்தான் இவர் இவராம்."

"ஏய், விடு. இன்னொரு நாள் வரலாம்" என்றார் மாலுமி.

"நீங்க சும்மா இருங்க. வாயைப் பூட்டி, சாவியைக் கடல்ல போட்டுட்டு வந்துட்டீங்க. ஊர்ச் சண்டையெல்லாம் நான் போட வேண்டியிருக்கு."

பின்னால் நின்ற கப்பல் சமையல்காரர், "அக்கா, அந்த மிஷினையும் ரெண்டு திட்டு திட்டுங்க. பயந்துக்கிட்டு வேலை செய்யும்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புகிறது. இதை விட்டால் கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிடும்.

இந்தக் கப்பலில் இடத்தையே அவள்தான் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டுக் கேட்டு வாங்கினாள். பின்னே? போன பயணத்தில் கப்பல் கட்டுகிற கயிறு அறுந்து, பக்கத்தில் நின்றவனை அடித்துப் போட்டுவிட்டது. அவன் பிழைக்கவில்லை. அதிலிருந்து இந்த மனுஷன் விளக்கை அணைக்க விடுவதில்லை. கதவு டப்பென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறது. பேச்சும் குறைந்துபோயிற்று. பாத்திரம் தேய்க்கிறேன் பேர்வழி என்று சிங்க்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இரும்பு நார் வாங்கி மாளவில்லை. கப்பல் ஏறினால் எல்லாம் சரியாகும் என்பது அவளுடைய வைத்தியம்.

அதற்கும் இப்போது ஒரு மிஷின் குறுக்கே நிற்கிறது.

"அடுத்த வாரம் வாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான்.

"அடுத்த வாரமா? கயிறு இழுத்து இழுத்துத் தேய்ஞ்ச விரல்மா இது. ஏசி ரூம்ல உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போடுற உனக்கு எங்கே புரியப் போகுது? உழைக்கிறவன் விரல்ல ரேகை இருக்காது. உட்கார்ந்து தின்கிறவங்களுக்குத்தான் அழகா இருக்கும், உன்னை மாதிரி. உன் மேலதிகாரி எங்கே? கூப்பிடு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நேராக வந்து, "இப்படி வாங்க" என்று அவளை வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய் வரைக்கும் இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள்.

"மேலதிகாரியைக் கூப்பிட்டா அவர் உங்க வீட்டுக்காரரைத்தான் கேள்வி கேட்பார். என்னை இல்ல."

"அவரை என்ன கேட்கிறது?"

"கயிறு இழுத்த கையை நான் தினமும் பார்க்கிறேன். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு இருக்கும். ரெண்டு மூணு விரல் மொழுக்குன்னு இருக்கும். ஆனா எந்தக் கயிறும் சுண்டுவிரல் நுனியைத் தேடிப் போய்த் தேய்க்காது. இவருக்குப் பத்து விரலும் நுனி மட்டும் புண்ணாகியிருக்கு. போன வாரத்தைவிட இன்னிக்கு மோசம்."

"என்னம்மா சொல்றே?"

"அவரே தேய்ச்சுக்கிறார்ங்கிறேன். வேணும்னே ரேகையை அழிச்சார்னு நான் ஒரு வரி எழுதினா போதும், கேஸ் ஆயிடும். அதான் ரெண்டு தடவையும் மிஷின் கோளாறுன்னு போட்டேன். நீங்க என்னைத் திட்டினது இருக்கட்டும். அவருக்கு விரலைவிடப் பெருசா எங்கேயோ வலிக்குது. போய் அதைக் கேளுங்க."

அவள் திரும்பி வந்தபோது மாலுமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் மூடி மடியில் வைத்திருந்தார். ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று பிரித்தாள். சுண்டுவிரல் நுனி தோலுரிந்து, சிவந்து கிடந்தது. நேற்று ராத்திரி அதன் மேல்தான் அவள் அழுத்தி அழுத்திக் கிரீம் தடவினாள். அவர் ஒரு 'ஸ்' கூடச் சொல்லவில்லை.

கோபம் குறையவில்லை. ஆள்தான் மாறியது.

"ஏங்க, வாய் இல்லையா உங்களுக்கு? போகப் பிடிக்கலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே."

"எப்போ சொன்னீங்க?"

"வந்த புதுசுல. இந்தத் தடவை போகலைன்னா என்னன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"போகாம, வீட்டுல உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கப் போறீங்களான்னு கேட்டே. சரின்னு தேய்க்க ஆரம்பிச்சேன்."