ஒரு நிமிஷம், கனெக்ட் பண்றேன்

"ஒரு நிமிஷம் சார், அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்குக் கனெக்ட் பண்றேன்" என்று குழைந்தாள் ரிசப்ஷனிஸ்ட்.

அடுத்த நொடி, "ஹலோ, அக்கவுண்ட்ஸ்" என்றது சளி பிடித்த குரல் ஒன்று. ரிசப்ஷனிஸ்டும் மேனேஜரும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே அவள்தான்.

கார் ஷெட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. மொத்தமே இரண்டு பேர். பேசுவதற்கு அவள், பசை தடவுவதற்கு அவள் கணவன். வழக்கமாகப் பெட்டி வாங்கிய செருப்புக் கம்பெனி போன மாதம் கையை விரித்துவிட்டது. இந்தச் சோப்புக் கம்பெனியும் நழுவினால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நாங்க பெரிய கம்பெனிம்மா. தனித்தனி டிபார்ட்மென்ட் இல்லாத இடத்துல வாங்கறதில்ல" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருந்தார் அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜர். அவருக்குப் பின்னால் ஏதோ மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய ஃபேக்டரியோ என்று அவள் மலைத்துப்போனாள்.

ஒருவழியாக விலை படிந்தது. அடுத்து அவர்களுடைய குவாலிட்டி ஆபீசர் வந்தார். மூக்கால் பேசினார். பின்னால் அதே கடகட.

"பெட்டி ஈரம் தாங்குமா?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு குவாலிட்டி மேடம் ஆனாள். "மழையில வெச்சாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று அளந்துவிட்டாள். கணவன் சிரிப்பை அடக்கப் பசைக்கையால் வாயைப் பொத்தினான். மீசையும் உதடும் ஒட்டிக்கொண்டன.

"கடைசியா எங்க எம்.டி., உங்க எம்.டி.கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

அவளிடம் கைவசம் இருந்த குரலெல்லாம் தீர்ந்துவிட்டது. கணவனைப் பார்த்தாள். பாவம், அவனால் வாயைத் திறக்கவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் போனைக் கைக்குட்டையால் மூடி, "எஸ்?" என்றாள் கட்டைக்குரலில்.

அந்தப் பக்கத்து எம்.டி.யின் குரல் அதைவிடக் கட்டையாக இருந்தது. "ஆர்டர் உங்களுக்குத்தான். திங்கட்கிழமையிலேருந்து..."

அந்த நேரம் பார்த்து அங்கே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அந்த அமைதியில் ஒரு பெண் குரல் பளிச்சென்று கேட்டது.

"ஏங்க, வாஷிங் மெஷின் நின்னுடுச்சு! உங்க ஆபீசருங்க எல்லாரும் பேசி முடிச்சாச்சுன்னா, வந்து துணியக் காயப் போடுங்க!"