புலம்பாத மென்பொருள்

“அனுப்பப்பட்டது” என்று திரையில் பச்சை எழுத்து மின்னியதும் மேலாளர் கைதட்டினார்.

சொட்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். கண்ணாடிக் குழாயும் கையுமாக, நகரத்தின் ஆறு தொட்டித் தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகச் சோதிப்பவள். முடிவுகளைக் கணினியில் ஏற்றி, மோடம் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதும் அவள்தான்.

அனுப்புவது என்ன லேசான காரியமா? தொலைபேசிக் கம்பிக்குள் கோப்பு ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். அதுவரை கணினியில் வேறு எந்த வேலையும் நடக்காது.

ஆள் இல்லாமலே, பின்னணியில் தானாக அனுப்பிவிடும் மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று முடிவாயிற்று. இரண்டு மென்பொருள்கள் ஒரு வாரமாகச் சோதனையில் இருந்தன.

முதலாவது ஓயாமல் புலம்பும். லைன் அறுந்துவிட்டது என்னும். மறுபடி கூப்பிடுகிறேன் என்னும். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்னும். அந்தப் பக்கத்து மோடம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் தரும்வரை உயிரை எடுத்துவிடும்.

இரண்டாவது புலம்பவே புலம்பாது. பொத்தானைத் தட்டினால் பச்சை எழுத்து. முடிந்தது.

“வீட்லதான் நாள் பூரா புலம்பல் கேக்கறேன். ஆபீஸ்லயுமா?” என்று மேலாளர் அப்போதே இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அதை விற்க வந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க சார். அது பாட்டுக்குப் பின்னாடி அனுப்பிக்கிட்டே இருக்கும்.”

“புலம்பலேன்னா போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தமா சார்?” என்று கேட்டாள் சொட்டு.

“உனக்கு எதுலதாம்மா நம்பிக்கை இருக்கு? தண்ணியையே சந்தேகப்படறவ நீ.”

சந்தேகப்படுவதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

இன்று அவள் சந்தேகம் பலித்திருந்தது. மூன்றாம் தொட்டியில் சாக்கடைக் கிருமி. எங்கோ குழாய் உடைந்து கழிவு கலக்கிறது. முடிவு போய்ச் சேர்ந்தால்தான் தலைமை அலுவலகம் அந்தத் தொட்டியின் வால்வை மூடச் சொல்லும். அதுவரை அத்தனை வீட்டுக் குழாய்களிலும் அந்தத் தண்ணீர்தான். கைக்குழந்தைக்குப் பால் கரைப்பதும் அதில்தான்.

அந்த முடிவு அடங்கிய கோப்பைத்தான் பச்சை எழுத்து ‘அனுப்பப்பட்டது’ என்கிறது.

சொட்டு குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டாள். நிமிர்ந்தபோது அவள் விரல்களுக்கிடையில் மோடத்தின் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

“பொத்தானைத் தட்டறதுக்கு முன்னாடியே இதைப் பிடுங்கிட்டேன் சார். இப்ப சொல்லுங்க. எது வழியாப் போச்சு?”

கைதட்டிய கைகள் கீழே இறங்கின.

விற்க வந்தவனுக்கு வேர்த்தது. “அது வரிசையில நிக்கும் மேடம். கம்பியச் சொருகினதும் போயிடும்.”

“அப்புறம் எதுக்கு அனுப்பப்பட்டதுன்னு காட்டுது?”

“அது… பாக்கறவங்களுக்கு ஒரு தைரியம் வரட்டுமேன்னு.”

“ஊருக்கே பேதி வரும். தைரியமாம் தைரியம்!”

மேலாளரின் முகம் கடுகடுத்தது. வெளி ஆள் முன்னால் ஒரு பரிசோதகி தன் தேர்வில் கைவைப்பதா?

“நாம ஏன் அடிச்சுக்கணும்? அங்கயே கேட்டாப் போச்சு.”

அவள் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கித் தொலைபேசியில் சொருகினார். தலைமை அலுவலகத்துக்குச் சுழற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அழுத்தினார். எடுத்தது தரக் கட்டுப்பாட்டு அதிகாரி.

“இன்னிக்கு ரிசல்ட் வந்துச்சா சார்?”

“வந்துச்சே. பாத்துட்டேன். ஆறு தொட்டியும் பிரமாதம்!”

மேலாளர் சொட்டுவைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி மாலை மட்டும்தான் குறை. “கேட்டியா? கம்பியே இல்லாம அனுப்பியிருக்கு. இதையே வாங்கிடலாம்பா.”

விற்க வந்தவன் பேனாவைத் திறந்தான். அவனாலேயே நம்ப முடியவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

சொட்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு வாரமாக எது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், எது சேர்க்காது என்று மல்லுக்கட்டியிருக்கிறாள். விட்ட இடத்திலிருந்து தொடருவதா, முதலிலிருந்து ஆரம்பிப்பதா என்று தொண்டை வறளச் சண்டை போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு ஆள் உண்டா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். “சார், மூணாம் தொட்டியும் நல்லா இருக்கா?”

“அதுவும்தாம்மா. தினமும் பாக்கறவன் நான், எனக்குத் தெரியாதா?”

“இன்னிக்கும் உங்க கண்ணாலதான் பாத்தீங்களா?”

“என்னம்மா இது, கோர்ட்டு மாதிரிக் கேள்வி? பாத்தேன், பாத்தேன்.” நடுவில் ஒரு மடக்கு. விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

சொட்டுவின் குரல் தானாகத் தணிந்தது.

“உங்க ஆபீசுக்கு எந்தத் தொட்டித் தண்ணி சார்?”

“மூணுதான். ஏம்மா?”

அவள் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு டம்ளரை மெதுவாகக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.