கைவிடாத ஆக்சிஜன்

பனி வாரி ஒதுக்கிய பள்ளி முற்றத்தில் வெயில் சாய்ந்து விழுகிறது. வேதியியல் ஆசிரியர் ஹால்வார் தரையில் 2H₂ + O₂ → 2H₂O என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு, எங்களையே அணுக்களாக்குகிறார். வெள்ளைத் தொப்பி போட்ட நாங்கள் நால்வரும் ஹைட்ரஜன். இருவர் இருவராகக் கைகோத்து நிற்கிறோம். என் ஜோடி சின்ட்ரே. சிவப்புத் தொப்பிக்காரர்களான தூராவும் ஐவிண்டும் ஆக்சிஜன். அவர்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இருவரும் போன வாரம் சண்டை போட்டுப் பிரிந்த காதலர்கள் என்பது ஹால்வாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நான்கு கையுறைகளும் விறைப்பாக ஒட்டிக்கொள்கின்றன. தூரா பள்ளிக் கூரையைப் பார்க்கிறாள். ஐவிண்ட் தன் காலணியைப் பார்க்கிறான்.

"விசில் அடிச்சதும் எல்லாரும் கையை விடணும். ஒவ்வொரு ஆக்சிஜனும் ரெண்டு ஹைட்ரஜனைப் பிடிக்கணும். தண்ணி ரெடி!"

விசில் ஒலிக்கிறது. ஆக்சிஜன்கள் ஒரு கையை மட்டும் விடுகின்றன. இன்னொரு பிடி இறுகுகிறது. விட்ட கைகளை எதிர் ஹைட்ரஜன் ஜோடி ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொள்கிறது. எங்களுக்குப் பிடிக்கக் கை இல்லை.

"அடேய், இது தண்ணியில்லடா! ஹைட்ரஜன் பெராக்சைடு! முடி வெளுக்கிற மருந்து!" என்று கத்திக்கொண்டே வந்த ஹால்வார், தூராவின் காதோரச் சிவப்பைப் பார்த்து நிற்கிறார். மெல்லக் குனிந்து முன்னாலிருந்த இரண்டுகளைத் தேய்த்துவிட்டு, H₂ + O₂ → H₂O₂ என்று திருத்துகிறார். "சமன்தான்." எங்கள் பக்கம் திரும்புகிறார். "நீங்க ரெண்டு பேரும் மிச்சம். உள்ளே போங்க."

"கெமிஸ்ட்ரியைக் கெடுத்தது அதுங்க, போறது நாங்களா?" என்கிறான் சின்ட்ரே.

"ஆமாடா. சத்தம் போடாம போ, கையை விட்டுடப் போகுதுங்க."